திறமையை நம்புவது விசுவாசக் குறைவா? கொட்டாஞ்சேனைச் சகோதரிக்கு ஒரு பதில்

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதமொன்று எழுதியிருக்கிறார். அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை நீக்கிவிட்டு, சாரத்தை மட்டும் முதலில் தருகிறேன்.

அவருக்கு வயது 36. கொழும்புக் கோட்டையில் உள்ள ஒரு சரக்கு அனுப்பும் நிறுவனத்தில் 11 ஆண்டுகளாகக் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறார். கணவர் பஞ்சிகாவத்தையில் வாகன உதிரிப்பாகக் கடையொன்றில் பணிபுரிகிறார்; இரண்டு பிள்ளைகள். தந்தை பாரிசவாதத்தால் படுக்கையில் விழுந்த காலத்தில் அயலவர் ஒருவர் அழைத்துச் சென்ற ஜெபக்குழு இவரைத் தாங்கிப் பிடித்தது. வைத்தியசாலைக்கு மாறி மாறி வந்து நின்றார்கள், பிள்ளைகளுக்குச் சமைத்துக் கொடுத்தார்கள். தந்தை இறந்த பின்பும் அந்த உறவு தொடர்ந்தது. கடந்த ஆண்டு இவர் கணக்குப் பிரிவின் பொறுப்பாளராக உயர்த்தப்பட்டார். ஒவ்வொரு மாதமும் பணிப்பாளர்களுக்கு முன் ஆங்கிலத்தில் கணக்கை விளக்க வேண்டும் என்பதே புதிய பொறுப்பின் மிகக் கடினமான பகுதி. பயத்தைக் குழுவில் சொன்னபோது, அதை நடத்தும் மூத்த பெண்மணி, இவர் ‘அன்ரி’ என்று அழைப்பவர், “உன் திறமைதான் உன்னுடைய விக்கிரகம், வெறுமையாகப் போ, கர்த்தர் நிரப்புவார்” என்றிருக்கிறார். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில், இனிமேல் ஆயத்தம் செய்யாமலே கூட்டத்துக்குப் போகப்போவதாக இவரும் எல்லோர் முன்னிலையிலும் பொருத்தனை (நேர்ச்சை) செய்துவிட்டார்.

முதல் மாதம் நன்றாகப் போயிற்று. அதைச் சாட்சியாகவும் சொன்னார். இரண்டாம் மாதம் தடுமாறினார். மூன்றாம் மாதம் டொலர் விலைப்பட்டியல்களை முந்தைய மாதத்து நாணயமாற்று வீதத்தில் கணக்கிட்டுவிட்டது கூட்டத்தின் நடுவே வெளிப்பட்டது. குழுவில் அழுதபோது, “உள்ளத்தில் எங்கேயோ அவிசுவாசம் ஒளிந்திருக்கிறது” என்று சொல்லப்பட்டது. அதன்பின் உபவாசத்தை அதிகப்படுத்தியிருக்கிறார். இரவில் தூக்கமில்லை, கூட்ட நாள் நெருங்கும்போது நெஞ்சு படபடக்கிறது, பிள்ளைகள்மீது எரிந்து விழுகிறார். ஞாயிறு பூசைக்கு மட்டும் போய்வரும் கணவர், “கடவுள் தந்த மூளையைப் பாவிக்காமல் விட்டால் அவருக்கு என்ன மகிமை?” என்று கேட்டாராம், அதை மாம்சத்தின் பேச்சு, அதாவது உலகவழிப் பேச்சு, என்று இவர் ஒதுக்கிவிட்டார். இப்போது வேலையை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்தில் இணைய நினைக்கிறார். பணிக்கொடையும் சேமலாப நிதியும் சில காலம் குடும்பத்தைத் தாங்கும் என்பது இவரது கணக்கு.

கேள்விகள் மூன்று. சொந்தத் திறமையை நம்புவது பாவமா? என் தோல்விக்குக் காரணம் என் விசுவாசக் குறைவா? இராஜினாமாச் செய்யலாமா?

அன்புள்ள சகோதரி,

நான் உளவளத்துணையாளர், போதகர் அல்லர். நானும் கிறிஸ்தவ விசுவாசத்தில் வாழ்கிறவள் என்பதால், நீங்கள் எழுதிய வசனங்கள் எனக்குப் புதியவை அல்ல. ஆனாலும் உங்கள் ஆத்துமாவைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் இடத்தில் நான் இல்லை. உங்கள் மனதில் என்ன நடக்கிறது, உங்கள் முன் உள்ள வழிகள் எவை, அவற்றின் விலை என்ன என்பவற்றைப் பற்றி என்னால் பேச முடியும். வசனங்களைத் தொட வேண்டியிருப்பது, உங்கள் முடிவுகள் அவற்றின்மீது நிற்கின்றன என்பதாலேயே.

உங்கள் ஏக்கத்தில் பிழையில்லை

கடிதத்தின் நடுப்பகுதியில், பெரிதாக அழுத்தாமல் நீங்கள் எழுதிய ஒரு பந்தியிலிருந்து தொடங்குகிறேன். பதவி உயர்வுக்கு முந்தைய ஆண்டுகளில் ஒரே கணக்கை நான்கு தடவை சரிபார்த்ததும், எல்லோரும் வீட்டுக்குப் போன பின்பும் அலுவலகத்தில் இருந்ததும், ஒருமுறை சிறு தவறு நேர்ந்தபோது இரண்டு நாள் சாப்பிட முடியாமற் போனதும் அதில் இருக்கின்றன. “நான் கெட்டிக்காரி என்பதைத் தவிர எனக்கு வேறொன்றும் இல்லை” என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஜெபக்குழுவுக்கு வந்தபோது உங்களைத் தொட்டது எது என்று எனக்கு இந்த இடத்தில்தான் விளங்கிற்று. எல்லாம் என் தலையில்தான் என்ற பாரத்தை இறக்கிவைக்கலாம் என்று அங்கே யாரோ சொன்னார்கள். அது பொய்யான வார்த்தை அல்ல. என் கைப்பெலமே இந்தச் செல்வத்தைச் சம்பாதித்தது என்று நெஞ்சில் நினைக்காதே, அந்தப் பெலனைத் தருகிறவரை நினை என்று வேதாகமத்தின் உபாகமம் 8ஆம் அதிகாரம் எச்சரிப்பதும் இதைத்தான்.

ஆகவே அன்ரி கண்ட நோய் முற்றிலும் கற்பனை என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு மனுஷியின் மதிப்பு முழுவதும் அவளது வேலையின் பிழையின்மையில் தொங்கும்போது அது ஆபத்தான நிலைதான். எனக்கு மாறுபாடு இருப்பது மருந்தில். திறமையின்மீது வைத்த அளவுமீறிய பற்றைத் தளர்த்த வேண்டிய இடத்தில் நீங்கள் வேலையையே கைவிட்டீர்கள். உபாகமம் பேசும் பெலன், அந்த அதிகாரத்திலேயே, சம்பாதிப்பதற்காகக் கொடுக்கப்பட்ட பெலன் என்பதையும் கவனியுங்கள்.

வசனங்களை அவற்றின் இடத்தில் வைத்து வாசித்தல்

ஆயத்தம் செய்யாமல் போவதற்கு ஆதாரமாக நீங்கள் கடிதத்தில் மேற்கோள் காட்டிய நான்கு வேதவசனங்களில் முதலாவது, என்ன பேசுவோம் என்று முன்னதாகக் கவலைப்பட வேண்டாம், அந்நேரத்தில் உங்களுக்கு அருளப்படும் என்ற வாக்குறுதி. மாற்கு 13:11ஐ அதன் முன்வசனங்களுடன் சேர்த்து வாசித்தால், அது யாருக்குச் சொல்லப்பட்டது என்பது தெளிவாகும். இயேசுவின் பெயருக்காகப் பிடிக்கப்பட்டு, ஆலோசனைச் சங்கங்களுக்கும் அதிபதிகளுக்கும் முன் இழுத்துச் செல்லப்படுகிறவர்களுக்கு, ஆயத்தம் செய்யும் வாய்ப்பே மறுக்கப்பட்டவர்களுக்கு, அது ஆறுதலாகச் சொல்லப்பட்டது. மாத இறுதிக்கு இரண்டு வாரம் அவகாசமும் மேசையும் கணினியும் உதவிக்கு இரண்டு இளையவர்களும் உள்ள ஒருவரின் கணக்குக் கூட்டத்தைப் பற்றி அது பேசவில்லை. உங்கள் பணிப்பாளர்கள் எவ்வளவு கடுமையானவர்களாக இருந்தாலும் அவர்கள் விசுவாசிகளைத் துன்புறுத்திய ஏரோது ராஜாக்கள் அல்லர்.

இரண்டாவது, பலத்தினாலும் பராக்கிரமத்தினாலும் அல்ல, ஆவியினாலே ஆகும் என்ற சகரியா 4:6. இந்த வசனத்தை நம் வீட்டுச் சுவர்களில் அடிக்கடி காண்கிறோம்; இதற்கு அடுத்த வசனங்களைக் காண்பதில்லை. அந்த வார்த்தை எருசலேமில் ஆலயத்தைத் திரும்பக் கட்டும் செருபாபேலுக்கு வந்தது. மூன்று வசனம் தள்ளி, செருபாபேலின் கைகள் அஸ்திபாரம் போட்டன, அவன் கைகளே அதை முடித்துத் தீர்க்கும் என்று வருகிறது. அதற்கும் அடுத்த வசனத்தில் அவன் கையில் தூக்குநூல் இருக்கிறது. சுவர் செங்குத்தாக நிற்கிறதா என்று பார்க்கக் கொத்தனார் பிடிக்கும் அதே தூக்குநூல். ஆவியினாலே ஆகும் என்று கேட்ட மனிதன் தன் அளவுகோலைக் கீழே போட்டுவிடவில்லை. சரியான மாதத்தின் நாணயமாற்று வீதத்தைப் பார்ப்பது உங்கள் தொழிலில் தூக்குநூல் பிடிப்பது.

மூன்றாவது, சுயபுத்தியின்மேல் சாயாதே என்ற நீதிமொழிகள் 3:5. அதே நீதிமொழிகள்தான் 27ஆம் அதிகாரத்தில் உன் ஆடுகளின் நிலைமையை நன்றாய் அறிந்துகொள் என்று இருப்புக் கணக்கு எடுக்கச் சொல்கிறது. 22ஆம் அதிகாரத்தில் தன் வேலையில் கருத்தாயிருப்பவன் ராஜாக்களுக்கு முன் நிற்பான் என்கிறது. ஒரே புத்தகத்தில் இவை அருகருகே நிற்பதில் அந்நூலைத் தொகுத்தவர்கள் முரண்பாடு காணவில்லை. நான்காவது வசனம், பலவீனத்தில் பெலன் பூரணமாய் விளங்கும் என்ற 2 கொரிந்தியர் 12:9. பவுல் அங்கே பேசும் பலவீனம், நீங்கும்படி மூன்றுதரம் அவர் வேண்டிக்கொண்ட, ‘முள்’ என்று அவர் அழைத்த துன்பம். தானாகச் செய்துகொண்ட ஒன்றல்ல. கணக்கைப் பார்க்காமல் போனதால் ஏற்பட்ட தடுமாற்றத்தை அந்த முள்ளோடு சேர்த்து வைக்க எனக்கு மனம் வரவில்லை.

கணக்குத் துறையில் உள்ள உங்களுக்கு நான் தானியேல் 6ஆம் அதிகாரத்தின் முதல் பகுதியைப் பரிந்துரைப்பேன். தானியேல் சிங்கக்கெபியில் போடப்பட்டது நம் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அதற்கு முன் என்ன இருக்கிறதென்பது பலருக்கு நினைவில்லை. ராஜாவுக்கு நட்டம் வராதபடி 120 தேசாதிபதிகளிடம் கணக்குக் கேட்கும் மூன்று பிரதானிகளுள் தானியேல் ஒருவர். பகைவர்கள் அவரது நிர்வாகத்தில் குற்றம் தேடுகிறார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை. அதனால்தான் அவரது ஜெபத்தைக் குற்றமாக்கச் சட்டம் செய்ய வேண்டி வந்தது. நாளுக்கு மூன்று வேளை முழங்காற்படியிடுவதும் பிழையற்ற கணக்கும் ஒரே மனிதரிடம், ஒரே அதிகாரத்தில் இருக்கின்றன.

நம் மண்ணிலும் ஓர் உதாரணம் உண்டு. ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்கக் குருக்கள் தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில், 1687இல் கோவாவிலிருந்து இலங்கைத் தீவுக்கு வந்தவர் யோசேப்பு வாஸ் அடிகளார். 2015 ஜனவரியில் காலிமுகத்திடலில் புனிதராக அறிவிக்கப்பட்டவர். அவரது ஜெபத்தால் கண்டியில் மழை பெய்தது என்ற மரபுக் கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அதே மனிதர் தமிழையும் சிங்களத்தையும் உட்கார்ந்து படித்தவர் என்பதும், கண்டியில் அம்மை நோய் பரவியபோது நோயாளிகளைத் தம் கையாலேயே பராமரித்தவர் என்பதும் கதையின் மற்றப் பாதி. பாஷை வரம் கிடைக்கும் என்று அவர் காத்திருக்கவில்லை.

விசுவாசமே இன்னொரு திறமையாகும்போது

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்திய இடத்துக்கு இப்போது வருகிறேன். திறமையை நம்பாதே என்று உங்களுக்குக் கற்பிக்கப்பட்டது. மூன்றாம் மாதம் பிழை வெளிப்பட்டபோது சொல்லப்பட்டது என்ன? உன் விசுவாசம் போதாது. நீங்கள் அதற்குச் செய்தது என்ன? உபவாச நாட்களைக் கூட்டினீர்கள், ஜெப நேரத்தை நீட்டினீர்கள், உள்ளத்தில் எங்கே அவிசுவாசம் இருக்கிறது என்று இரவெல்லாம் தேடினீர்கள். முன்பு ஒரே கணக்கை நான்கு தடவை சரிபார்த்த அதே சகோதரிதான் இப்போது தன் விசுவாசத்தை நான்கு தடவை சரிபார்க்கிறார். பேரேடு மாறியிருக்கிறது, பதிபவரின் பயம் மாறவில்லை. தேவனைச் சார்ந்திருத்தல் என்று பெயரிடப்பட்ட இந்த ஏற்பாட்டில், எல்லாம் இன்னமும் உங்கள் தலையில்தான் இருக்கிறது. போதுமான அளவு நம்புவது என்பது நீங்கள் தேர்ச்சிபெற வேண்டிய இன்னொரு பாடமாகிவிட்டது. அதில் சித்தியடைந்தால் உங்களுக்குப் பாராட்டு, தவறினால் உங்களுக்கே பழி. இது நீங்கள் விட்டுவந்த நுகத்தைவிடக் கனமானது. கணக்கில் பிழை எங்கே என்று கண்டுபிடித்துத் திருத்தலாம். உள்ளத்தில் ஒளிந்திருக்கும் அவிசுவாசம் என்று ஒன்றைச் சொல்லிவிட்டால் அதைக் கண்டுபிடித்ததாக ஒருநாளும் முடிக்க முடியாது.

இந்தக் காரணத்தால் உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில் திட்டவட்டமானது. மூன்றாம் மாதம் நடந்த பிழைக்குக் காரணம், வீதம் சரிபார்க்கப்படாதது. வேறெதையும் அதற்குள் தேட வேண்டாம். முதல் மாதம் நன்றாகப் போனதற்கும் அதைப் போலவே எளிய விளக்கம் உண்டு. அந்த மாதத்தில் நீங்கள் ஆயத்தமின்றிப் போனதாக நினைக்கிறீர்கள். உண்மையில் 11 ஆண்டுகளின் வேலை உங்கள் தலைக்குள் இருந்தது, அதற்கு முந்தைய மாதங்களில் நீங்கள் கட்டிவைத்த அட்டவணைகள் உங்கள் கணினியில் இருந்தன. அதில் தேவனின் உதவி இல்லை என்று நான் சொல்லவில்லை. அந்த உதவி நீண்ட காலமாக, உங்கள் கைகள் வழியாக வந்துகொண்டிருந்தது என்று பார்க்கவும் இடமுண்டு என்கிறேன்.

என் துறையில் இதுபற்றிய ஆய்வுகள் உண்டு. அமெரிக்க உளவியலாளர் கென்னத் பார்கமென்டும் அவருடன் பணியாற்றியவர்களும் 1988இல் வெளியிட்ட ஆய்வொன்றில், சமயப் பற்றுள்ளவர்கள் பிரச்சினைகளை எதிர்கொள்ளும் மூன்று முறைகளை வேறுபடுத்தினார்கள். கடவுள் தந்த ஆற்றலைக் கொண்டு நானே தீர்ப்பேன் என்பது ஒன்று. கடவுளிடம் விட்டுவிட்டு நான் காத்திருப்பேன் என்பது இன்னொன்று. கடவுளும் நானுமாகச் சேர்ந்து செய்வோம் என்பது மூன்றாவது. முற்றாக விட்டுவிட்டுக் காத்திருக்கும் முறை, தன்னால் செயற்பட முடியும் என்ற உணர்வு குறைவதோடு தொடர்புபட்டிருந்தது. சேர்ந்து செய்யும் முறை நல்ல நிலையோடு தொடர்புபட்டிருந்தது. கவனிக்க வேண்டியது, மூன்றாவது முறையினர் குறைவாக ஜெபிப்பவர்கள் அல்லர். நம் கையை மீறிய விடயங்களில், உங்கள் தந்தையின் கடைசி வாரங்களைப் போன்றவற்றில், ஒப்புக்கொடுத்துவிடுவது மனதுக்கு நிம்மதி தரும். அந்த நாட்களில் உங்களைத் தாங்கியதும் அதுவே. அங்கே உதவிய அதே முறையை, முற்றிலும் உங்கள் கைக்குள் இருக்கும் ஒரு கணக்கு அட்டவணைக்குப் பொருத்தியதில்தான் சறுக்கல் நேர்ந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும்; கோபிக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். 1978இல் ஸ்டீவன் பெர்க்லாஸ், எட்வர்ட் ஜோன்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் விவரித்த ஒரு பழக்கம் உண்டு. தோல்வியைக் கண்டு மிகவும் அஞ்சுகிறவர்கள் சிலவேளை தாங்களே ஒரு தடையை முன்கூட்டி ஏற்படுத்திக்கொள்வார்கள். தோற்றால் பழி அந்தத் தடையின்மேல் விழும், வென்றால் பெருமை இரட்டிப்பாகும். பரீட்சைக்கு முதல்நாள் புத்தகத்தைத் தொடாத பிள்ளைகளிடம் இதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். ஆங்கிலத்தில் பேசுவதற்கு நீங்கள் அஞ்சிய அதே மாதத்தில் ஆயத்தம் செய்யாதே என்ற போதனை உங்களுக்கு அவ்வளவு இனித்ததில் விசுவாசத்துக்கு எவ்வளவு பங்கு, பயத்துக்கு எவ்வளவு பங்கு? நீங்கள் மட்டுமே பதில் சொல்லக்கூடிய கேள்வி இது. எனக்கு எழுத வேண்டியதில்லை.

முதல் கேள்விக்கு, அதாவது திறமையை நம்புவது பாவமா என்பதற்கு, மேலே சொன்னவற்றிலேயே என் பதில் இருக்கிறது. திறமையைப் பயன்படுத்துவதும் அதைக் கடவுளாக்குவதும் வெவ்வேறு. எது எங்கே மாறுகிறது என்பதை அறிய ஓர் எளிய அடையாளம் உண்டு: வேலையில் ஒரு பிழை நேரும்போது அதைத் திருத்திவிட்டு உங்களால் இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார முடிகிறதா என்று பாருங்கள்.

இராஜினாமாக் கடிதத்தைத் தட்டச்சுச் செய்யும் முன்

மூன்றாவது கேள்விக்கு நேரடியாகச் சொல்கிறேன்: இப்போது வேண்டாம். முழுநேர ஊழியம் தவறு என்பதால் அல்ல. தூக்கமில்லாமலும் வெட்கத்தாலும் அலைக்கழிக்கப்படும் நேரத்தில் எடுக்கும் முடிவில், தப்பித்தல் எது, அழைப்பு எது என்று வேறுபடுத்தி அறிய முடியாது. அழைப்பு உண்மையானதென்றால் ஆறு மாதம் கழித்தும் அது இருக்கும். “கர்த்தர் பேசினால் தாமதிக்காதே” என்று உங்களுக்குச் சொல்லப்பட்டதாக எழுதியிருக்கிறீர்கள். கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செல்லும் செலவைக் கணக்குப் பார்ப்பான் என்று லூக்கா 14இல் இயேசு சொன்னதையும் அருகில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் செலவுக் கணக்கில் உங்கள் கடிதத்தில் ஒரு பெரிய தவறு இருக்கிறது. வேலையை விட்டவுடன் ஊழியர் சேமலாப நிதி கைக்கு வரும் என்று நினைத்திருக்கிறீர்கள். உங்கள் சம்பளத்திலிருந்து 8 வீதமும் நிறுவனத்திடமிருந்து 12 வீதமுமாகச் சேரும் அந்தப் பணத்தை, பொதுவாகப் பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலுமே முழுமையாக எடுக்கலாம். நிரந்தரமாக வெளிநாடு செல்லுதல், நிரந்தர இயலாமை போன்ற விசேட காரணங்கள் இருந்தால் மட்டும் விதிவிலக்கு. வீட்டுத் தேவைக்கோ மருத்துவத்துக்கோ 30 வீதம் வரை முன்கூட்டிப் பெறும் ஏற்பாட்டுக்கும் நிபந்தனைகள் உண்டு. ஊழியத்துக்குப் போவது அவற்றில் அடங்காது. ஆக, அந்தத் தொகைக்கும் உங்களுக்கும் இடையில் இன்னும் 14 ஆண்டுகள் இருக்கின்றன.

பணிக்கொடை வேறு விதமானது. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, 15 அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் வேலை செய்யும் நிறுவனத்தில் 5 ஆண்டுகளைப் பூர்த்தி செய்தவருக்கு, பூர்த்தியான ஒவ்வோர் ஆண்டுக்கும் கடைசியாகப் பெற்ற சம்பளத்தில் அரை மாதத் தொகை கிடைக்க வேண்டும். நீங்களாக விலகினாலும் அந்த உரிமை உண்டு. 11 ஆண்டுகளுக்கு அது ஐந்தரை மாதச் சம்பளம். இரண்டு பிள்ளைகளின் பாடசாலைச் செலவும் வீட்டு வாடகையும் உள்ள குடும்பத்தை அது எவ்வளவு காலம் தாங்கும் என்பதை என்னைவிட நீங்கள் நன்றாகக் கணக்கிடுவீர்கள்.

பிழையின் காரணமாக நிறுவனம் உங்களை அனுப்பிவிடும் என்ற பயமும் கடிதம் முழுவதும் இருக்கிறது. ஒழுக்காற்று நடவடிக்கை அல்லாத காரணத்துக்காக ஓர் ஊழியரை நீக்குவதானால், 15 பேர் அல்லது அதற்கு மேல் உள்ள நிறுவனம் அவரது எழுத்து மூலமான சம்மதத்தையோ தொழில் ஆணையாளரின் எழுத்து மூலமான அனுமதியையோ முன்னரே பெற வேண்டும் என்று 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. நீங்களே கையொப்பமிட்டு விலகினால் அந்தப் பாதுகாப்பு உங்களுக்குப் பயன்படாது. நான் சட்டத்தரணி அல்ல. உங்கள் நியமனக் கடிதத்துடன் நாரஹேன்பிட்டி தொழில் செயலகத்துக்கு ஒருதரம் போய் விசாரியுங்கள். கேட்பதால் விலகியதாக ஆகிவிடாது.

விலகுவதற்கும் இப்படியே தொடர்வதற்கும் இடையில் ஒரு வழியும் உண்டு: பொறுப்பாளர் பதவியை விட்டுப் பழைய நிலைக்குத் திரும்பக் கேட்பது. அதைக் கேவலமாக நினைக்கத் தேவையில்லை. ஆனாலும் ஆயத்தத்துடன் இரண்டு மூன்று கூட்டங்களைச் செய்து பார்த்த பின்பே அதைப் பற்றி யோசியுங்கள். அந்த வேலை உங்களுக்குப் பொருந்துமா என்பதை நீங்கள் இன்னும் சோதித்துப் பார்க்கவேயில்லை.

அடுத்த கூட்டத்துக்கு முன்

முதலில், பிழையைத் திருத்திய அட்டவணையை ஒரு சிறு விளக்கக் குறிப்புடன் உங்கள் முகாமையாளரிடம் கொடுங்கள். எந்த மாத வீதம் இடப்பட்டது, சரியான வீதம் எது, வித்தியாசம் எவ்வளவு, இனி யார் சரிபார்ப்பார் என்ற நான்கும் இருந்தால் போதும். நீண்ட மன்னிப்புத் தேவையில்லை. இனி வீதத்தை நீங்கள் இட்டால் உங்களுக்குக் கீழ் உள்ளவர் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். தன் வேலையைத் தானே நான்கு தடவை பார்ப்பதைவிட வேறொருவர் ஒருதடவை பார்ப்பது மேல் என்பது உங்கள் துறையில் எல்லோருக்கும் தெரிந்தது. உங்களுக்கு அது எல்லாவற்றையும் தனியே சுமக்காதிருப்பதற்கான பயிற்சியாகவும் இருக்கும்.

ஆங்கிலத்துக்கு, ஒரே பக்கத்தில் சொல்ல வேண்டியதை எழுதி, நம்பிக்கையான சக ஊழியர் ஒருவரிடம் உரத்துப் பேசிக் காட்டுங்கள். வாய் திக்கும் என்று மோசே தயங்கியபோது அவருக்குக் கிடைத்தது சரளமான நாக்கு அல்ல, ஆரோன். பணிப்பாளர்கள் எதிர்பாராத கேள்வி கேட்டால், “பார்த்துவிட்டு இன்று மாலைக்குள் அறிவிக்கிறேன்” என்ற ஒரு வாக்கியத்தை ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்து வைத்திருங்கள். நான் ஆலோசனை சொல்லும் பலருக்கு நீண்ட பயிற்சிகளைவிட இந்த ஒரு வாக்கியம் கைகொடுத்திருக்கிறது.

ஆயத்தத்துக்கு ஓர் எல்லையும் வேண்டும். பழைய பழக்கம் திரும்பி வரும். வேலையைத் தொடங்கும்போது ஜெபியுங்கள், மாலையில் கணினியை மூடும்போது இன்னொரு தரம் ஜெபித்து, அந்த இடத்தில் விட்டுவிடுங்கள். கணினியை மூடிய பின் திரும்பத் திறக்காதிருப்பதுதான் உங்களைப் போன்றவருக்கு விசுவாசத்தின் கடினமான பகுதி என்று எனக்குத் தோன்றுகிறது. ஆயத்தம் செய்யாதிருப்பது உங்களுக்கு அவ்வளவு கடினமாக இருக்கவில்லை.

தூக்கமின்மையும் நெஞ்சுப் படபடப்பும் சில வாரங்களாகத் தொடர்வதால் ஒரு வைத்தியரைப் பாருங்கள். தைரொயிட், இரத்தச்சோகை போன்றவையும் படபடப்பைத் தரும் என்பதால் இரத்தப் பரிசோதனை அவசியம். அதுவரை உபவாசம் வேண்டாம். இரவில் மனம் தாங்க முடியாத நிலைக்குப் போனால், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரத்திலும் அழைக்கலாம்.

அன்ரியும் கணவரும்

ஜெபக்குழுவை விட்டு வெளியேறுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. தந்தையின் கட்டிலருகே நின்றவர்களை ஒரு கடிதத்தை வைத்து நான் எடைபோடக் கூடாது. ஆனால் ஒன்றைச் செய்து பாருங்கள். ஆயத்தம் செய்து ஒரு கூட்டத்தை முடித்த பின், அதை அங்கே மறைக்காமல் சொல்லுங்கள்: “ஜெபித்தேன், ஆயத்தமும் செய்தேன், கணக்கு சரியாக இருந்தது.” பொருத்தனை பற்றிக் கேட்டால், அவசரப்பட்டு வாய்விட்டதற்காக வருந்துகிறேன் என்று சொல்லலாம்; உறுத்தல் நீங்காவிட்டால் உங்கள் பங்குத் தந்தையிடமோ வேறொரு மூத்த போதகரிடமோ தனியே பேசுங்கள். உங்கள் சாட்சியைக் கேட்டுக் குழுவினர் உங்களுக்காக மகிழ்ந்தால் அது உங்களைத் தாங்கக்கூடிய இடம். அந்தச் சாட்சிக்கு அங்கே இடமில்லை என்றால், தோல்வியைச் சொல்லும்போது மட்டும் அணைத்துக்கொள்கிறார்கள் என்றால், அதை நீங்கள் மனதில் குறித்துக்கொள்ள வேண்டும். சேமிப்பையோ பணிக்கொடையையோ காணிக்கையாக வாக்களிப்பது பற்றிப் பேச்சு வந்தால், கணவருடன் பேசாமல் எதற்கும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அப்படிப் பேச அவகாசம் கேட்பதை அவிசுவாசம் என்று சொல்பவரிடம் இன்னும் அதிக அவகாசம் கேளுங்கள்.

உங்கள் கணவரின் கேள்வியைப் பற்றி ஒரு வார்த்தை. கேலியாகக் கேட்டாரோ கவலையாகக் கேட்டாரோ எனக்குத் தெரியாது; ஆனால் கடவுளின் மகிமையைப் பற்றித்தான் அவரும் கேட்டிருக்கிறார். சமயப் பேச்சில் உங்களைப் போல வசனம் சொல்லத் தெரியாது என்பதற்காக அவருடைய விசுவாசத்தை ஒதுக்க வேண்டாம். இந்த வாரம் பிள்ளைகள் தூங்கிய பின், மேலே சொன்ன பணக்கணக்கை இருவருமாக ஒரு தாளில் எழுதுங்கள். சேமலாப நிதி 50 வயது வரை வராது என்ற விடயத்தை நீங்களே அவருக்குச் சொல்லுங்கள். அவர் கேட்கும் கேள்விகளுக்கு வசனத்தால் பதில் சொல்லாமல், இலக்கங்களால் பதில் சொல்லிப் பாருங்கள். அதில் உங்களுக்கு 11 ஆண்டுப் பழக்கம் இருக்கிறது.